மருத்துவமனை ஒப்பீடுகளில் விடுபடும் எண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசே நடத்தும் மருத்துவமனையையும், அரசும் தனியாரும் ஒப்பந்தம் போட்டு நடத்தும் கூட்டு மருத்துவமனையையும் அருகருகே வைத்து, இது அதைவிட மேல் என்று தீர்ப்பெழுதும் அட்டவணைகள் அடிக்கடி வருகின்றன. இறப்பு விகிதம், நோயாளி சராசரியாகத் தங்கிய நாட்கள், ஒரு நோயாளிக்கு ஆன செலவு ஆகிய மூன்றும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். மருத்துவமனைத் தரவோடும் கணக்கோடும் புழங்குகிறவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: இந்த மூன்று எண்களையும் அப்படியே எடுத்துக்கொண்டால் எந்த மருத்துவமனை நல்லது என்று தெரியாது. எந்த மருத்துவமனைக்கு எப்படிப்பட்ட நோயாளிகள் போனார்கள் என்பதுதான் பெரும்பாலும் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. அரசு மருத்துவமனையில் 1,000 பேர் உள்நோயாளிகளாகச் சேர்கிறார்கள். அவர்களில் 600 பேருக்கு நோய் கடுமையில்லை. 400 பேர் கவலைக்கிடம். முதல் பிரிவில் 3 பேரும் இரண்டாம் பிரிவில் 40 பேரும் இறக்கிறார்கள். மொத்தம் 43, அதாவது 4.3 சதவீதம். கூட்டு மருத்துவமனையிலும் 1,000 பேர்தான். ஆனால் அங்கே 900 பேருக்குக் கடுமையில்லை, 100 பேர்தான் கவலைக்கிடம். முதல் பிரிவில் 9, இரண்டாவதில் 15, மொத்தம் 24 இறப்புகள், 2.4 சதவீதம். அட்டவணையில் கூட்டு மருத்துவமனைக்கே வெற்றி. பிரித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். கடுமையில்லாதவர்களில் அரசு மருத்துவமனையில் இறந்தது 0.5 சதவீதம், கூட்டு மருத்துவமனையில் 1 சதவீதம். கவலைக்கிடமானவர்களில் முறையே 10, 15 சதவீதம். இரண்டு இடத்துக்கும் ஒரே கலவையை, அதாவது நான்கில் மூன்று பங்கு லேசானவர்கள், ஒரு பங்கு கடுமையானவர்கள் என்று வைத்துத் திருத்தினால், அரசு மருத்துவமனைக்கு 2.9 சதவீதமும் கூட்டு மருத்துவமனைக்கு 4.5 சதவீதமும் வரும். இரண்டு பிரிவிலுமே பின்தங்கிய மருத்துவமனை, மொத்தக் கணக்கில் முந்தி நிற்கிறது.

ஆகவே வயது, பாலினம், முதன்மை நோய், உடனிருக்கும் பிற நோய்கள், அவசரமாக வந்தவரா நாள் குறித்து வந்தவரா என்பது, சேர்ந்தபோது இருந்த ரத்த அழுத்தமும் மூச்சும் நினைவும் ஆகியவற்றை வைத்துத் திருத்தாத இறப்பு விகிதத்தை யாரும் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. திருத்தினாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். நோய்க் குறியீட்டின்படி, அதாவது எழுதும் நோய்களுக்கு ஏற்ப, பணம் வாங்கும் மருத்துவமனை, சர்க்கரை நோய், ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு என ஒரு நோயாளிக்கு ஐந்தாறு துணை நோய்களை எழுதும். வார்டு பதிவேட்டை நம்பியிருக்கும் அரசு மருத்துவமனை முதன்மை நோயை மட்டும் எழுதிவிட்டுப் போகும். திருத்தக் கணக்கில் முன்னது கடுமையான நோயாளிகளைப் பார்ப்பதுபோலவும், பின்னது லேசானவர்களையே இழப்பதுபோலவும் தெரியும். ஒரு நோயாளிக்குச் சராசரியாக எத்தனை துணை நோய்கள் பதிவாகியிருக்கின்றன என்பதை இரு தரப்பும் வெளியிட்டால் இந்த வேறுபாடு உடனே புலப்படும். சேர்ந்தபோதே இருந்த நோய் எது, வார்டில் வந்த தொற்று எது என்று பிரித்து எழுதுவதும் கட்டாயம். இல்லாவிட்டால் மருத்துவமனையிலேயே ஏற்பட்ட கேடு, 'கடுமையான நோயாளி' என்ற சாதகக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

மேல்சிகிச்சைக்கு ரெஃபர் செய்வது அடுத்த ஓட்டை. இரவு 2 மணிக்கு மூச்சுத் திணறும் நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டால், அந்த இறப்பு போய்ச் சேர்ந்த மருத்துவமனையின் கணக்கில் விழும். அனுப்பிய இடத்தில் அவர் 'அனுப்பப்பட்டவர்'. மருத்துவர் சொல்லைக் கேளாமல் வெளியேறியவர், சொந்த விருப்பத்தில் டிஸ்சார்ஜ் ஆனவர் என்ற தலைப்புகளிலும் இதே வேலை நடக்கும். பிழைக்கமாட்டார் என்று தெரிந்து வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அதில் இருப்பார்கள். தீர்வு சிக்கலானதல்ல. சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அந்த நோயாளி எங்கே இறந்தாலும், முதலில் சேர்த்த மருத்துவமனையின் கணக்கில் எழுத வேண்டும். இதற்கு நோயாளிக்கு ஒரு பொது அடையாள எண்ணும், இறப்புப் பதிவேட்டோடு இணைப்பும் தேவை. ரெஃபர் விகிதத்தை நேரம் வாரியாகவும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை இரவும் விடுமுறை நாளிலும் மட்டும் அது ஏறினால், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் சிறப்பு மருத்துவர் அந்த நேரத்தில் பணியில் இல்லை என்று பொருள்.

தங்கும் நாட்களுக்கும் இதே கதைதான். சீக்கிரம் அனுப்புவது திறமையாகவும் இருக்கலாம், காயம் ஆறுமுன் தள்ளிவிடுவதாகவும் இருக்கலாம். 30 நாட்களுக்குள் அதே மருத்துவமனைக்கோ வேறு மருத்துவமனைக்கோ திரும்பச் சேர்ந்தவர்களின் விகிதத்தைப் பக்கத்தில் வைக்காமல் இந்த எண்ணைப் படித்துப் பயனில்லை. படுக்கை நிரம்பல் 100 சதவீதத்தைத் தாண்டிய அரசு மருத்துவமனையைத் திறமைக் குறைவு என்று சொல்வதும் தவறு. யாரையும் திருப்பி அனுப்ப முடியாத இடம் அது. நிரம்பல் 85 சதவீதத்தைத் தாண்டினாலே அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றப் படுக்கை கிடைப்பது கடினமாகும் என்பது மருத்துவமனை நிர்வாகத்தில் வழக்கமாகச் சொல்லும் அளவு. கூட்டு மருத்துவமனை தன் ஒப்பந்த எண்ணிக்கையோடு கதவை மூடலாமா கூடாதா என்பதை ஒப்பந்தத்தின் ஒரே வரி தீர்மானிக்கிறது. ஒப்பீடு எழுதுபவர் முதலில் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

செலவுக்கு வருவோம். அரசு மருத்துவமனையின் ஆண்டு பட்ஜெட்டை நோயாளி எண்ணிக்கையால் வகுத்து, கூட்டு மருத்துவமனைக்கு அரசு கொடுத்த தொகையையும் அப்படியே வகுத்து வைத்தால் இரண்டும் பொய். முதலாவதில் கட்டடத் தேய்மானம் இராது, நிலத்தின் மதிப்பு இராது, ஊழியர் ஓய்வூதியம் வேறு தலைப்பில் இருக்கும், மருந்து மையக் கொள்முதல் கணக்கில் போயிருக்கும். அதே சமயம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது, பிரேதப் பரிசோதனை, தொற்றுநோய்க் காலத் தயார்நிலை ஆகிய வேலைகளின் செலவு அதற்குள் கலந்திருக்கும். இரண்டாவதில் கட்டடக் கடனும் வட்டியும் பராமரிப்பும் சேர்ந்திருக்கும். ஆனால் சலுகை விலையில் கொடுத்த நிலம், வரிவிலக்கு, அரசு தந்த கடன் உத்தரவாதம், ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் அதிகாரிகளின் சம்பளம், வழக்கறிஞர் செலவு ஆகியவை இரா. நோயாளி தன் கையிலிருந்து கொடுத்தது இரண்டிலுமே இராது. மருந்து இருப்பில் இல்லை என்று வெளிக்கடைக்கு அனுப்பும் அரசு மருத்துவமனை, காகிதத்தில் மலிவாகத் தெரியும். அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர் நோயாளி. அரசு மருத்துவமனையின் பக்கம் நிற்பவர்களும் இந்த உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

'இலவசம்' என்ற சொல்லையும் இப்படித்தான் திறந்து பார்க்க வேண்டும். டெல்லியில் பெயரளவுக் குத்தகைக்கு நிலம் பெற்ற இந்திரபிரஸ்தா அப்போலோ மருத்துவமனை, மூன்றில் ஒரு பங்கு படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். படுக்கைதான் இலவசமா, மருந்தும் அறுவைக்கான பொருட்களும் சேர்த்தா என்ற தகராறு நீதிமன்றம் வரை போனது. அவையும் சேர்த்தே இலவசம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டு என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏற்பாடுகள் அடங்கியிருப்பது இன்னொரு குழப்பம். பிரிட்டனில் 1992-இல் தொடங்கிய தனியார் நிதித் திட்டத்தில் தனியார் கட்டடம் கட்டிப் பராமரித்தார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் அரசு ஊழியர்கள். அங்கே சிகிச்சைத் தரத்தை ஒப்பிட்டு 'தனியார் வென்றது, தோற்றது' என்று பேச இடமே இல்லை. கேட்க வேண்டியது பணக் கணக்கு. அந்த நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் 2018 அறிக்கைப்படி, எல்லாத் துறைகளையும் சேர்த்து 700-க்கும் மேற்பட்ட அத்தகைய ஒப்பந்தங்களுக்கு 2040-கள் வரை இன்னும் கட்ட வேண்டியது 19,900 கோடி பவுண்டு. அதில் துப்புரவு, பராமரிப்பு போன்ற சேவைகளும் அடங்கும் என்பதால் முழுவதையும் கடன் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் தனியார் வாங்கும் கடனுக்கு அரசு வாங்கும் கடனைவிட வட்டி கூடுதல், அந்தக் கூடுதலைக் கடைசியில் கட்டுவது அரசுதான். அபாயம் தனியாருக்கு மாறிவிட்டது என்ற வாதமும் ஓரளவுக்குத்தான் நிற்கும். 2018 ஜனவரியில் கரில்லியன் என்ற கட்டுமான நிறுவனம் திவாலானபோது பாதியில் நின்ற ராயல் லிவர்பூல் மருத்துவமனையை அரசு எடுத்துக் கட்டி முடித்தது. 2017-இல் திறக்க வேண்டியது 2022 அக்டோபரில்தான் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கட்டடத்தில் படுத்திருந்தவர்கள் நோயாளிகள்.

சிகிச்சையையும் சேர்த்துத் தனியாரிடம் கொடுத்த இடங்களில் சான்றுகள் ஒரே பக்கம் சாயவில்லை. தெற்கு ஆப்பிரிக்காவின் சிறு நாடான லெசோதோவின் தலைநகர் மசேருவில் 2011-இல் திறந்த குயீன் மமோஹாட்டோ நினைவு மருத்துவமனையை, அது வருமுன் இருந்த அரசு மருத்துவமனையோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். பெரிய சாதனை அது, ஐயமில்லை. ஆனால் ஒப்பிட்டது எதை எதோடு என்று பாருங்கள்: இடிந்துகொண்டிருந்த பழைய மருத்துவமனையை, புதுக் கட்டடமும் புதுக் கருவிகளும் கொண்ட மருத்துவமனையோடு. அதே பணத்தை அரசு மருத்துவமனையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு அந்த எண்ணில் விடை இல்லை. ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 20,000 உள்நோயாளிகள், 3,10,000 வெளிநோயாளிகள். அதற்கு மேல் வருவோருக்குத் தனிக் கட்டணம். நல்ல மருத்துவமனை என்று தெரிந்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் அரசின் பில் கூடும். நாட்டின் சுகாதார பட்ஜெட்டில் பாதிக்கு மேல் அந்த ஒரே மருத்துவமனைக்குப் போகிறது என்று 2014-இல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் எழுதியது. உலக வங்கி அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 2021-இல் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்த நூற்றுக்கணக்கான செவிலியர்களை நிர்வாகம் நீக்கியது. ஒப்பந்தமும் அதே ஆண்டு முறிந்தது. செவிலியர் ஊதியத்தை அரசு ஊதியத்தோடு இணைக்கும் பிரிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலம் வேறு வழியில் போனது. 1990-களின் இறுதியில் புதிதாகக் கட்டிய அரசு மருத்துவமனைகளை லாப நோக்கற்ற சமூக அமைப்புகளிடம் நடத்தக் கொடுத்தது. ஒப்பந்தத் தொகையில் 90 சதவீதம் சிகிச்சை எண்ணிக்கைக்கு. மீதி 10 சதவீதத்தை நிறுத்தி வைத்து, தரவும் தரமும் ஒழுங்காக இருந்தால் கொடுத்தது. நேரடி அரசு மருத்துவமனைகளைவிட இவை குறைந்த செலவில் கூடுதல் வேலை செய்தன என்று 2009-இல் வெளியான ஒப்பாய்வு சொல்கிறது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கவும் மாற்றவும் பொருள் வாங்கவும் அந்த மேலாளர்களுக்கு இருந்த உரிமை அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு இல்லை. எங்கள் கருத்தில் அங்கே வென்றது தனியார் என்ற பெயர் அல்ல. அந்த உரிமையும் மாதம் தவறாத தரவும்தான். அவற்றை அரசு மருத்துவமனைக்கும் கொடுத்துவிட்டு ஒப்பிடுவதே நேர்மையான சோதனை.

போர்ச்சுகலில் பிராகா, கஷ்காயிஷ், லோரெஷ், விலா பிராங்கா டி ஷிரா ஆகிய நான்கு மருத்துவமனைகள் கூட்டு முறையில் நடந்தன. கட்டடத்துக்கு 30 ஆண்டு ஒப்பந்தம், சிகிச்சைக்கு 10 ஆண்டு ஒப்பந்தம் என்று தனித்தனியே போட்டார்கள். அரசுக்கு இவை பணம் மிச்சப்படுத்தின என்றே அந்நாட்டுத் தணிக்கை நீதிமன்றம் 2021-இல் சொன்னது. இருந்தும் 2019 முதல் 2022-க்குள் மூன்றின் சிகிச்சைப் பொறுப்பு அரசிடம் திரும்பியது. கூட்டு முறையை எதிர்ப்பவர்கள் இந்தத் தணிக்கை முடிவைச் சொல்வதில்லை, ஆதரிப்பவர்கள் ஒப்பந்தப் பிரிப்பைக் கவனிப்பதில்லை. சிகிச்சை நடத்துபவரை மாற்றும்போது கட்டடக் கடன் குறுக்கே நிற்காமல் இருந்தது அந்தப் பிரிப்பால்தான்.

இங்கிலாந்தின் ஹிஞ்சிங்புரூக் மருத்துவமனையில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 2012-இல் 10 ஆண்டு ஒப்பந்தத்தில் சர்க்கிள் என்ற தனியார் நிறுவனம் நடத்த வந்தது. தன் பங்குக்கு 50 லட்சம் பவுண்டுக்கு மேல் பற்றாக்குறையை ஈடுகட்ட நேர்ந்தால் விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவு ஒப்பந்தத்திலேயே இருந்தது. 2015 ஜனவரியில் விலகுவதாக அறிவித்தது. ஆபரேட்டரின், அதாவது நடத்தும் நிறுவனத்தின், இழப்புக்கு இப்படி வரம்பு கட்டிய பிறகு, வரம்பைத் தாண்டிய அபாயம் முழுவதும் மக்களுடையது.

குஜராத்தில் 2005-இல் தொடங்கிய சிரஞ்சீவி திட்டம் தனியார் மகப்பேறு மருத்துவர்களுக்கு 100 பிரசவங்களுக்கு ஒரே மொத்தத் தொகை கொடுத்தது. சிசேரியன் 7 சதவீதம் இருக்கும் என்பது அதற்குள் இருந்த கணக்கு. தொடக்கத்தில் பெரும் பாராட்டு. ஆனால் மருத்துவமனைப் பிரசவம் எங்கும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. முன்-பின் எண்களை மட்டும் பார்த்தால் எந்தத் திட்டமும் வெற்றியாகத்தான் தெரியும். திட்டம் இருந்த, இல்லாத மாவட்டங்களை ஒப்பிட்டு 2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த ஆய்வில், குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தவிர, ஒரே தொகை என்னும்போது சிக்கலான கர்ப்பிணியை அரசு மருத்துவமனைக்கு அனுப்பும் தூண்டுதலும் அதிலேயே இருக்கிறது.

முழு மருத்துவமனையாக இல்லாமல், அரசு மருத்துவமனைக்குள் ஒரு பிரிவை மட்டும் தனியாரிடம் கொடுப்பது இப்போது கூடுதல் வழக்கம். டயாலிசிஸை எடுத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் முறைகளின் எண்ணிக்கை ஏறும், அதை வைத்து வெற்றி என்று அறிவிப்பார்கள். ஒரு நாளில் நான்காவது ஷிப்டை நுழைக்க 4 மணி நேரத்தை மூன்றே காலாகச் சுருக்கினாலும் எண்ணிக்கை ஒன்றுதான். நோயாளியின் ரத்தம் எவ்வளவு சுத்தமானது என்பது யூரியா குறைவு விகிதத்தில், அதாவது யூரியா என்ற கழிவு ஒரு முறையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதில், தெரியும். வாரம் மூன்று முறை செய்பவருக்கு அது 65 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வுக்கு அப்பால் ரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. ஆர்ஓ நீரில் கிருமி எண்ணிக்கை மில்லிக்கு 100-க்குள் இருக்க வேண்டும், மாதந்தோறும் சோதிக்க வேண்டும். ஆர்ஓ இயந்திரத்தின் மெம்பிரேனை மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் மிஞ்சும் பணம் ஆபரேட்டருக்கு, குளிரும் காய்ச்சலும் நோயாளிக்கு. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம், வடிகட்டியை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தினார்கள் என்ற பதிவு, கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அறுவை செய்து தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ளவர்கள் எத்தனை பேர், கழுத்துக் குழாயிலேயே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் எத்தனை பேர், டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கிருமி தொற்றியவர்கள் எத்தனை பேர் என்பவை ஒப்பீட்டில் வர வேண்டும். இவை அரசே நடத்தும் பிரிவுக்கும் ஒரு சொல் மாறாமல் பொருந்தும். அங்கே இயந்திரம் பழுதாகி உதிரிபாகத்துக்கு அனுமதி வரக் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஸ்கேன் ஒப்பந்தங்களில் '95 சதவீதம் இயங்கும்' என்ற வரி இருக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் 5 சதவீதம் 438 மணி, 18 நாளுக்கு மேல். அந்த 18 நாளும் தொடர்ச்சியாக வந்தாலும் ஒப்பந்தப்படி குறையில்லை, தலையில் அடிபட்டு வந்தவருக்கு மட்டும் சிடி இல்லை. தொடர்ந்து எத்தனை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது தனி வரியாக வேண்டும். பட அறிக்கை மருத்துவர் கைக்கு வந்த நேரமும் வேண்டும். படம் எடுத்த நேரத்தோடு கடிகாரத்தை நிறுத்திவிடுவது வழக்கமான தந்திரம்.

அபராதங்களிலும் கணக்குப் பார்க்க வேண்டும். இரவுப் பணிக்கு ஒரு செவிலியர் குறைந்தால் மாத அபராதம் அவர் சம்பளத்தைவிடக் குறைவு என்றால், அந்த இடம் காலியாகவே கிடக்கும். தன் தவறைத் தானே எழுதி அனுப்பும் ஆபரேட்டருக்கு அபராதம், எழுதாதவருக்கு முழுப் பணம் என்ற ஏற்பாடு பொய்ப் பதிவைத்தான் வளர்க்கும். திடீர் ஆய்வும், நோயாளி ஆவணங்களில் குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிச் சோதனையும், ஆபரேட்டரிடம் சம்பளம் வாங்காத தணிக்கையாளரும் இல்லாமல் 'ஒப்பந்த இலக்கு எட்டப்பட்டது' என்ற அறிக்கைக்கு மதிப்பில்லை. ஒப்பந்தத்தைக் கண்காணிக்கச் சுகாதாரத் துறையில் செவிலியர், கணக்காளர், கருவிப் பொறியாளர், தரவு ஆய்வாளர் கொண்ட தனிப் பிரிவு இருந்தால் கூட்டு முறை ஓரளவு வேலை செய்கிறது. கோப்பு ஓர் உதவியாளரின் மேசையில் கிடந்தால் தோற்கிறது.

ஆகவே தங்கள் நாளிதழும் வாசகர்களும் அடுத்த ஒப்பீட்டு அறிக்கையைப் பார்க்கும்போது சிலவற்றை வலியுறுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒப்பந்தம், பின்னிணைப்புகளும் பிற்காலத் திருத்தங்களும் உட்பட, முழுமையாக வெளிவர வேண்டும். 'வணிக ரகசியம்' என்று மறைக்கப்படும் பகுதியில்தான் கட்டண ஏற்றச் சூத்திரமும் விலகல் பிரிவும் இருக்கும். ஒரே அளவு, ஒரே வகை, ஒத்த வயது கட்டடமுள்ள அரசு மருத்துவமனையோடு ஒப்பிட வேண்டும். அதில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதையும் பக்கத்தில் அச்சிட வேண்டும். ஆளில்லாத மருத்துவமனையைத் தோற்கடிப்பது யாருக்கும் பெருமையில்லை. குறைந்தது மூன்று ஆண்டுகளாவது தொடக்க நிலைக்கு முன்னும் பின்னும் தரவு வேண்டும். சுற்றியுள்ள அரசு மருத்துவமனைகளிலிருந்து எத்தனை மருத்துவர்கள் கூட்டு மருத்துவமனைக்கு மாறினார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும், ஏனென்றால் ஓரிடத்தில் கூடிய தரம் இன்னோரிடத்தில் குறைந்ததாக இருக்கக்கூடும்.

ஒப்பந்தம் முடியும் நாளைப் பற்றி ஒப்பீடுகளில் யாரும் பேசுவதில்லை. கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆபரேட்டருக்குப் புதுக் கருவி வாங்கக் காரணமில்லை. கூரை ஒழுகலையும் லிஃப்ட் பழுதையும் ஒட்டுப்போட்டு ஓட்டுவார். முடிவுக்கு ஐந்து ஆண்டு இருக்கும்போதே கட்டடமும் மின் இணைப்பும் ஆக்சிஜன் குழாயும் சுதந்திரமான பொறியாளரால் ஆய்வு செய்யப்பட வேண்டும். அதில் வரும் செலவுக்கு ஈடான தொகையை மாதக் கட்டணத்திலிருந்து நிறுத்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் ஒப்படைக்கும்போது எத்தனை ஆண்டு பழையதாக இருக்கலாம் என்பதற்கு உச்ச வரம்பு எழுத வேண்டும். நோயாளிகளின் மின்னணுப் பதிவுகள், வேறெந்த மென்பொருளிலும் திறக்கும் வடிவில், கூடுதல் கட்டணமில்லாமல் அரசிடம் வந்து சேர வேண்டும். பதிவு வராவிட்டால், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் காலை வரும் சர்க்கரை நோயாளிக்கு முந்தைய மருந்தளவு என்ன என்று சொல்ல அந்த மருத்துவமனையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனைத் தரவு, செலவுக் கணக்குப் பணிகளில் உள்ளோர் சிலர்